லாபம் வருதா? – ஒசாகாவில் ஒரு பகல் நடை

ஜப்பானில் ஒசாகா ஊர்க்காரர்கள் தெருவில் ஒருவரை ஒருவர் பார்த்தால் "மோகாரிமக்கா?" என்று கேட்டுக்கொள்வார்கள் என்று சொல்வதுண்டு. "லாபம் வருதா?" என்று அர்த்தம். அதற்குப் பதில், "போச்சி போச்சி தென்னா". தமிழ்க் காதில் எல்லாமே போச்சு என்பது போல விழும். பயந்துவிட வேண்டாம். "ஏதோ சுமாரா ஓடுது" என்பதுதான் பொருள் :)

இந்தக் காலத்தில் நிஜமாகவே இப்படி விசாரித்துக்கொள்பவர்கள் குறைவு. காமெடி நிகழ்ச்சிகளில்தான் அதிகம் கேட்கலாம். ஆனாலும் ஒரு ஊரைப் பற்றி இப்படி ஒரு பேச்சு நிலைத்திருக்கிறது என்றால் அது சும்மா இல்லை. கியோட்டோ அரச சபையின் ஊர். டோக்கியோ ஆட்சி செய்பவர்களின் ஊர். ஒசாகா கடைக்காரர்களின் ஊர். எடோ காலத்திலேயே இதற்கு "நாட்டின் சமையலறை" என்று பெயர். இன்னொரு பழமொழியும் உண்டு: கியோட்டோக்காரன் துணி வாங்கியே அழிவான், ஒசாகாக்காரன் சாப்பிட்டே அழிவான். இரண்டாவதற்கு "குயிதாஓரே" என்று ஒரு தனி வார்த்தையே வைத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஊரைப் பார்க்க ரயிலை விடக் கால்தான் சரி. ஊர் பெரும்பாலும் சமதளம். வடக்கு தெற்காகப் போகும் தெரு என்றால் பெயரின் கடைசியில் "சுஜி" வரும். கிழக்கு மேற்கு என்றால் "டோரி". இது ஒன்று தெரிந்தால் போதும், வழி தவறாது. வடக்கே டென்ஜின்பாஷியில் தொடங்கித் தெற்கே குரோமோன் சந்தையில் முடித்தால் ஏறக்குறைய 6 கிலோமீட்டர். விறுவிறுவென்று நடந்தால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் இந்த வழியில் எங்கேயும் நின்று சாப்பிடாமல் நடந்தவர் யாரும் இருக்க முடியாது. அதனால் ஒரு முழுப் பகல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடக்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். இந்தத் தெருவுக்குத் தினமும் சோறு போடுவது யார்?

கூரை போட்ட தெரு

டென்ஜின்பாஷிசுஜி ரோக்குச்சோமே. பெயரைச் சொல்வதற்குள் மூச்சு வாங்கும் என்பதால் ஊர்க்காரர்களே "டென்ரோக்கு" என்று சுருக்கிவிட்டார்கள். அந்த சுரங்க ரயில் நிலையத்தில் ஏறி வெளியே வந்தால் தலைக்கு மேல் கூரை போட்ட கடைத்தெரு. கூரை தெற்கு நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். மொத்தம் 2.6 கிலோமீட்டர், சுமார் 600 கடைகள். ஜப்பானிலேயே மிக நீளமான கடைத்தெரு இதுதான். ஒசாகா டென்மான்கு கோயிலுக்குப் போகும் வழியில் வளர்ந்த கடைகள். ஜூலை 24, 25 தேதிகளில் நடக்கும் டென்ஜின் திருவிழா இந்தக் கோயிலுடையதுதான்.

இங்கே "பார்க்க வேண்டிய இடம்" என்று ஒன்றும் பெரிதாகக் கிடையாது. மருந்துக்கடை, மூக்குக் கண்ணாடிக் கடை, தேயிலைக் கடை, பழைய புத்தகக் கடை, காய்கறிக் கடை, நூறு யென் கடை, நூடுல்ஸ் கடை. சைக்கிளின் முன்கூடையில் வெங்காயத்தாள் எட்டிப் பார்க்க, வயதான அம்மாக்கள் கூட்டத்தின் நடுவே தள்ளிக்கொண்டு போவார்கள். ஒசாகா அம்மாக்களின் கைப்பையில் எப்போதும் மிட்டாய் இருக்கும், பேச்சுக் கொடுத்தவர்களுக்கு ஒன்று எடுத்துக் கொடுப்பார்கள் என்பது ஜப்பான் முழுக்கத் தெரிந்த விஷயம். மிட்டாயையும் செல்லமாக "அமே-ச்சான்" என்றுதான் சொல்வார்கள். மிட்டாய்க்குட்டி!

கசாப்புக்கடை வாசலில் சுடச்சுடக் கொரொக்கே பொரிப்பார்கள். உருளைக்கிழங்கு மசித்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. கசாப்புக்கடையில் விற்பதால் பெரும்பாலும் இறைச்சித் துணுக்கு கலந்திருக்கும், சைவக்காரர்கள் விசாரித்துவிட்டு வாங்கவும். வாங்கியதைக் கடை ஓரமாக நின்று சாப்பிட்டுவிட்டுக் காகிதத்தைக் கடைக்காரரிடமே கொடுத்துவிடுவது நல்லது. தெருவில் குப்பைத்தொட்டி தேடினால் அடுத்த ஊர் வரை நடக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கூரையையும் விளக்கையும் பராமரிப்பது கடைக்காரர்களின் சங்கம். கடை வைத்திருப்பவர்கள் சந்தா கட்டுகிறார்கள். இதற்குள் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. நாலு கடை மூடினால் நாலு பேரின் சந்தா போகும். மிச்சமிருப்பவர்கள் மேல் சுமை ஏறும். அப்புறம் இன்னும் நாலு பேர் மூடுவார்கள். ஜப்பானின் சிறிய ஊர்களில் இப்படிச் செத்துப்போன கடைத்தெருக்கள் ஏராளம். அவற்றுக்கு "ஷட்டர் தெரு" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பகலிலும் ஷட்டர் இறங்கியே இருக்கும்.

இதில் சட்டத்தின் கதையும் இருக்கிறது. பெரிய கடைகள் திறப்பதைக் கட்டுப்படுத்த 1973ல் ஜப்பான் ஒரு சட்டம் போட்டது. ஒரு பெரிய கடை வர வேண்டும் என்றால் அந்த வட்டாரச் சின்னக் கடைக்காரர்களின் கருத்தையும் கேட்டாக வேண்டும். வருடக்கணக்கில் இழுக்கும். அமெரிக்கா இதை எதிர்த்து அழுத்தம் கொடுத்தது. 1990களில் விதிகளைத் தளர்த்தினார்கள். 1992 ஜனவரியில், ஒசாகாவுக்குப் பக்கத்தில் நாரா மாகாணத்தில் ஒரு அமெரிக்கப் பொம்மைக்கடை திறந்தபோது அதிபர் ஜார்ஜ் புஷ்ஷே நேரில் வந்தார். மூத்த புஷ். ஒரு நாட்டின் அதிபர் பொம்மைக்கடைத் திறப்புக்கு வருகிறார் என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். 2000ல் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள்.

சட்டம் போன பிறகும் டென்ஜின்பாஷி நிற்கிறது. காரணம் ரொம்பச் சாதாரணமானது. சுற்றிலும் மக்கள் குடியிருக்கிறார்கள். நடந்தோ சைக்கிளிலோ தினமும் வந்துவிடுகிறார்கள். ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியே அந்தக் கூரைக்குக் கீழேதான்.

அரிசியைப் பார்க்காமலே அரிசி விற்றவர்கள்

கூரை முடிந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கிதாஹாமா. பங்குச் சந்தை வட்டாரம். வளைந்த முகப்போடு நிற்கும் 1935ம் வருடக் கட்டடம்தான் ஒசாகா எக்ஸ்சேஞ்ச். 1878ல் அதை ஆரம்பித்தவர்களில் முக்கியமானவரான கோடாய் டோமோஆட்சுவின் சிலை வாசலில் நிற்கும்.

காமர்ஸ் படிப்பவர்கள் இங்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இங்கிருந்து ஆற்றோரமாக மேற்கே போனால் டோஜிமா. எடோ காலத்தில் பல பிரபுக்களின் வரி நெல்லெல்லாம் அரிசியாக ஒசாகா கிடங்குகளுக்கு வந்தது. அரிசிக்குப் பதில் சீட்டு விற்றார்கள். பிறகு சீட்டும் இல்லாமல், அரிசியைக் கண்ணிலேயே பார்க்காமல், பின்னால் வரப்போகும் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் புத்தகத்திலேயே வாங்கி விற்க ஆரம்பித்தார்கள். 1730ல் ஷோகுன் அரசு அதற்கு அனுமதி கொடுத்தது. உலகின் முதல் ஒழுங்கான ஃப்யூச்சர்ஸ் சந்தை என்று பலரும் சொல்வது இதைத்தான். சிகாகோவுக்கு நூறு வருடத்துக்கும் முன்னால்! டோஜிமா விலையை வெளியூருக்குச் சொல்ல மலை உச்சியில் நின்று கொடி அசைத்தார்கள். அடுத்த மலையில் இருப்பவர் பார்த்துவிட்டு அவர் அசைப்பார். அந்தக் காலத்து எஸ்.எம்.எஸ்.

போர்க்காலக் கட்டுப்பாடு வந்ததும் 1939ல் டோஜிமா சந்தை மூடப்பட்டது. இப்போது அந்த இடத்தில் பெரிய அரிசி மணி வடிவில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. கட்டடக் கலைஞர் டடாவோ அண்டோ வடிவமைத்தது, 2018ல் வைத்தது.

பேராசிரியர் போட்ட ரோடு

கிதாஹாமாவிலிருந்து தென்மேற்காக வந்தால் மிடோசுஜி. 44 மீட்டர் அகலம், இரண்டு பக்கமும் ஜிங்கோ மரங்கள். முன்பு இது ஒடுக்கமான தெரு. அதை அகலப்படுத்தியவர் 1923ல் மேயரான செகி ஹாஜிமே. அவர் அதற்கு முன்னால் டோக்கியோவில் வணிகக் கல்லூரிப் பேராசிரியர். "ஊருக்கு நடுவில் விமானம் இறக்கப் போகிறாரா?" என்று கிண்டல் செய்தார்களாம். ரோட்டுக்குக் கீழேயே சுரங்க ரயிலும் போட்டார், 1933ல் ஓட ஆரம்பித்தது. 1935ல் அவர் இறந்துவிட்டார். ரோடு முழுதாக முடிந்தது 1937ல்.

அதற்கு இணையாகக் கிழக்கே ஒரு தெரு தள்ளி ஷின்சைபாஷிசுஜி. இதுவும் கூரை போட்ட கடைத்தெருதான், சுமார் 600 மீட்டர். ஆனால் டென்ஜின்பாஷியின் வாசனை இங்கே கிடையாது. துணி, செருப்பு, அழகு சாதனம், உலக பிராண்டுகள். டைமாரு டிபார்ட்மென்ட் ஸ்டோர் 1726லிருந்து இந்த இடத்தில் வியாபாரம் செய்கிறது. துணிக்கடையாக ஆரம்பித்தது. அமெரிக்காவிலிருந்து வந்து ஜப்பானிலேயே தங்கிவிட்ட வில்லியம் வோரிஸ் கட்டிய பழைய முகப்பை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே புதிதாகக் கட்டி 2019ல் திறந்தார்கள். காசு செலவழிக்காமல் பார்க்கலாம். பார்க்க மட்டும் செய்தால் :)

போர்டு இருக்கிறது, கடை இல்லை

கூரை தெற்கே முடியும் இடத்தில் எபிசுபாஷி பாலம். கீழே டோடோன்போரி கால்வாய். 1612ல் யசுயி டோடோன் என்பவர் தன் பணத்தைப் போட்டு வெட்ட ஆரம்பித்தார். 1615ல் ஒசாகா கோட்டைப் போரில் அவர் இறந்துபோக, சொந்தக்காரர்கள் முடித்தார்கள். கால்வாய்க்கு அவர் பெயரே நிலைத்தது. கரையில் நாடகக் கொட்டகைகள் வந்தன. நாடகம் பார்க்க வந்தவர்களுக்குப் பசித்தது. சாப்பாட்டுக்கடைகள் வந்தன. கொட்டகைகள் ஒவ்வொன்றாகக் குறைந்த பின்னும் கடைகள் மட்டும் நின்றுவிட்டன.

கைகளைத் தூக்கி ஓடும் கிளிகோ மனிதர் 1935லிருந்து இங்கே ஓடிக்கொண்டிருக்கிறார். இப்போது இருப்பது 2014ல் வைத்த ஆறாவது போர்டு. கால் அசைக்கும் ராட்சச நண்டு 1960களிலிருந்து இருக்கிறது. 1985ல் ஹான்ஷின் டைகர்ஸ் பேஸ்பால் அணி லீக் பட்டம் வென்ற சந்தோஷத்தில், ரசிகர்கள் ஒரு கடை வாசலில் நின்ற கர்னல் சாண்டர்ஸ் சிலையைத் தூக்கி இந்தக் கால்வாயில் போட்டுவிட்டார்கள். அந்த வருடத்துக்குப் பிறகு அந்த அணிக்கு ஜப்பான் கோப்பை கிடைக்கவே இல்லை. கர்னல் சாபம் என்றார்கள். 2009ல் சிலையைச் சேற்றிலிருந்து எடுத்தும் சாபம் உடனே தீரவில்லை. 2023ல்தான் மறுபடி ஜெயித்தார்கள்.

டகோயாகி இங்கேதான் சாப்பிட வேண்டும். பணியாரச் சட்டி போலவே குழி வைத்த இரும்புத் தட்டில் மாவை ஊற்றி, நடுவில் ஆக்டோபஸ் துண்டு போட்டு, ஊசியால் திருப்பித் திருப்பி உருட்டுவார்கள். 1930களில் ஒசாகாவில் பிறந்த பண்டம். வெளியே ஆறியது போலத் தெரியும், உள்ளே எரிமலை. முதல் உருண்டையை அவசரமாக வாயில் போட்டவர்கள் இரண்டாவதை நிதானமாகச் சாப்பிடுவார்கள். சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆக்டோபஸ் வேண்டாம் என்று சொன்னாலும் மாவிலேயே மீன் சாறு இருக்கும்.

வரியும் வேடிக்கை. 2019 அக்டோபரில் விற்பனை வரி 10 சதவீதம் ஆனபோது, எடுத்துப் போகும் உணவுக்கு மட்டும் 8 சதவீதம் என்று விட்டார்கள். அதே டகோயாகி, கடை பெஞ்சில் உட்கார்ந்தால் 10, கையில் வாங்கிக்கொண்டு போனால் 8. உட்காருவதற்கு இரண்டு சதவீதம்!

இந்தத் தெருவில் கவனிக்க வேண்டிய ஒருவர் இருக்கிறார். கோமாளி உடையில் மேளம் அடிக்கும் குயிதாஓரே தாரோ பொம்மை. 1949ல் ஆரம்பித்த பெரிய உணவகத்தின் விளம்பரப் பொம்மை அது. உணவகத்தை 2008ல் மூடிவிட்டார்கள். மூடும்போது பொம்மையைப் பார்க்க அப்படி ஒரு கூட்டம். பொம்மை இன்னும் அதே தெருவில் மேளம் அடிக்கிறது, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது யாரைச் சாப்பிடக் கூப்பிட்டதோ அந்தச் சாப்பாடு இப்போது இல்லை.

அகலமாக்க மறுத்த சந்து

டோடோன்போரி சத்தத்திலிருந்து இரண்டு நிமிடம் தெற்கே தள்ளினால் ஹோசென்ஜி சந்து. கல் பாவிய ஒடுக்கமான வழி, காகித விளக்குகள், சின்னச் சின்னச் சாப்பாட்டுக்கடைகள். கோயிலில் ஃபுடோ சாமி சிலை. வருகிறவர்கள் எல்லாம் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டதில் சிலை முழுக்கப் பாசி படர்ந்து, முகமே தெரியாமல் பச்சைப் பசேல் என்று இருக்கும்.

2002லும் 2003லும் இந்தச் சந்தில் தீ விபத்து. கடைகள் எரிந்தன. திரும்பக் கட்டலாம் என்றால் சட்டம் குறுக்கே வந்தது. புதிதாகக் கட்ட வேண்டுமானால் தெரு 4 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அகலமாக்கினால் சந்து போய்விடும், ரோடுதான் மிஞ்சும். கடைக்காரர்களும் ஊர்க்காரர்களும் கையெழுத்து வாங்கினார்கள். பல கட்டடங்களைச் சேர்த்து ஒரே திட்டமாகப் பார்க்கும் ஒரு சலுகை சட்டத்தில் இருந்தது. அதைப் பிடித்து, தீப் பாதுகாப்பு ஏற்பாடுகளோடு, சந்தை ஒடுக்கமாகவே திரும்பக் கட்டினார்கள்.

சமையலறையின் சமையலறை

இன்னும் தெற்கே செனிச்சிமாயே டோகுயாசுஜி. 150 மீட்டர்தான். இங்கே சாப்பாடு கிடையாது, சாப்பாட்டுக்கடை நடத்தத் தேவையான எல்லாம் கிடைக்கும். கத்தி, அண்டா, டகோயாகித் தட்டு, வாசலில் தொங்கவிடும் துணி, சிவப்பு விளக்குக் கூண்டு, கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் பொய்ச் சாப்பாடு. ஐஸ்கிரீம் உருகாது, நூடுல்ஸ் ஆறாது. இந்தப் பொய்ச் சாப்பாட்டை ஒரு தொழிலாக ஆக்கியவர் இவசாகி டகிசோ. 1932ல் ஒசாகாவில்தான் கம்பெனி ஆரம்பித்தார். ஊரில் கடைகள் திறந்துகொண்டே இருக்கும் வரை இந்தத் தெரு ஓடும்.

குரோமோனின் கணக்கு

கடைசியாகக் குரோமோன் சந்தை. "கறுப்பு வாசல்" என்று அர்த்தம். பக்கத்தில் இருந்த கோயிலின் கறுப்பு வாசலால் வந்த பெயர். 1912 தீயில் அந்த வாசல் எரிந்துவிட்டது, பெயர் மட்டும் இருக்கிறது. சுமார் 580 மீட்டர், 150 கடைகள் அளவில். மீன்தான் பிரதானம். சுற்றியுள்ள உணவகங்களின் சமையல்காரர்கள் காலையில் வந்து மீன் பார்த்து வாங்குவார்கள். பண்டிகை என்றால் வீட்டுக்காரர்கள் வருவார்கள். நாட்டின் சமையலறை ஒசாகா என்றால், ஒசாகாவின் சமையலறை குரோமோன்.

சூப்பர் மார்க்கெட் வந்தது. வீட்டுக்காரர்கள் குறைந்தார்கள். அந்த நேரத்தில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் வர ஆரம்பித்தார்கள். சந்தைக்காரர்கள் சும்மா உட்காராமல் அவர்களை வரவேற்றார்கள். இலவச வைஃபை, உட்கார இடம். முழு மீன் வாங்கி அவர்கள் என்ன செய்வார்கள்? ஹோட்டல் அறையில் அடுப்பா இருக்கிறது? அதனால் சிப்பியைச் சுட்டு, இறாலைக் குச்சியில் குத்தி, சூரையை நாலு துண்டு தட்டில் வைத்து விற்றார்கள். ஒரு மீன்காரரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உணவகத்துக்குக் கடனில் கொடுத்து மாதக் கடைசியில் வசூலிக்கும் மீன் ஒரு பக்கம். கைமேல் காசு வரும் குச்சி ஒரு பக்கம். எந்தப் பாடப்புத்தகமும் குச்சியைத்தான் சொல்லும். குச்சி விற்றதில் தப்பே கிடையாது. ஆனால் கூட்டம் கூடியதும் சைக்கிளைத் தள்ள வழியில்லை. விலையும் ஏறியது. பழைய வாடிக்கையாளர்கள் மெல்ல நின்றுவிட்டார்கள்.

2019ல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் 3 கோடியே 19 லட்சம் அளவில். 2021ல் இரண்டரை லட்சத்துக்கும் குறைவு. கொரோனா. எல்லை மூடியதும் குரோமோனில் குச்சி வாங்க ஆளில்லை. ஷட்டர்கள் இறங்கின. பழைய வாடிக்கையாளர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. ஆனால் அவர்கள் அதற்குள் மீன் வாங்க வேறு இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாடிக்கை என்பது பழக்கம். பழக்கம் ஒருமுறை விட்டால் தள்ளுபடி போட்டாலும் உடனே வராது. 2022 அக்டோபரில் எல்லை முழுதாகத் திறந்தது. 2024ல் 3 கோடியே 68 லட்சத்துக்கும் மேல் வந்தார்கள். குரோமோனில் மறுபடி கூட்டம். மறுபடி குச்சி. விலையைப் பற்றிய புலம்பலும் மறுபடி.

அந்தக் கூட்டத்தில் நடப்பவரும் ஒரு சுற்றுலாப் பயணிதானே. நியாயமான கேள்வி. ஆனால் அவரால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. குரோமோனில் இன்னும் சமையல்காரர்களுக்கு விற்கும் கடைகள் உண்டு. கடல்பாசி, உலர்ந்த மீன் சீவல், ஊறுகாய், தேயிலை. ஊர்க்காரர் வாங்குவதை வாங்கலாம். வழியை அடைக்காமல் ஓரமாக நிற்கலாம். சைக்கிள் வந்தால் விலகலாம்.

அரிசிச் சந்தையில் அன்றைக்குப் பெரிய பணம் போட்டவர்கள், அறுவடை பொய்த்தால் என்ன செய்வது என்று யோசித்துத்தான் ஃப்யூச்சர்ஸைக் கண்டுபிடித்தார்கள். ஒரு கடைத்தெருவுக்கு அப்படிப்பட்ட காப்பு எது? டென்ஜின்பாஷியில் வெங்காயத்தாளோடு சைக்கிள் தள்ளிய அந்த அம்மாதான். அவர் ஒரே நாளில் ஆயிரம் யென்னுக்கு மேல் வாங்க மாட்டார். ஆனால் நாளைக்கும் வருவார். மழை பெய்தாலும் வருவார், கூரை இருக்கிறதே. எல்லை மூடினாலும் வருவார்.

லாபம் வருதா என்று அவர் இருக்கும் தெருவில் கேட்டால், ஏதோ சுமாராக ஓடுது என்றுதான் பதில் வரும். ஒரு கடைத்தெருவுக்கு அதை விட நல்ல பதில் கிடையாது.